புதிய தத்துப்பூச்சியை விவரித்துப் பெயரிடுவது எப்படி?

நெல் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் கருகி, நெருப்பு பட்டதுபோல் நின்றால் "புகையான் விழுந்திருக்கு" என்பார்கள். தூரைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீருக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில், அரிசியைவிடச் சிறிய பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலைக் கொண்டுபோனால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். புகையானும் அதன் சொந்தக்காரப் பூச்சிகளும் சேர்ந்த கூட்டத்தில் இதுவரை 13,000 சிற்றினங்களுக்கு மேல் பெயர் பெற்றிருக்கின்றன. பெயர் பெறாதவை இன்னும் ஏராளம். தென்னந்தோப்பிலோ புல்வெளியிலோ நீங்கள் பிடித்த ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படி ஒன்று கையில் கிடைத்தால் அதை அறிவியல் முறைப்படி விவரித்து எழுதுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பூச்சியியல் படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆனால் பொறுமையும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் உள்ள யாரும் இதைச் செய்யலாம்.

தொடங்கும் முன் புகையானின் பெயர் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் அதற்குள் இருக்கிறது. 1854-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்டோல், ஜாவாவிலிருந்து வந்த பூச்சியை வைத்து 'டெல்ஃபாக்ஸ் லூஜென்ஸ்' என்று பெயரிட்டார். 1906-இல் இங்கிலாந்தின் டிஸ்டன்ட், இலங்கையில் கிடைத்த ஒரு பூச்சிக்கு 'நிலபர்வதா கிரீனி' என்று புதுப் பேரினமே உண்டாக்கினார். பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே பூச்சி என்று தெரிந்தது. வேறு சிலர் வைத்த பெயர்களும் இதே பூச்சியில்தான் போய் முடிந்தன. முதலில் வந்த சிற்றினப் பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் 'கிரீனி' போய்விட்டது, 'லூஜென்ஸ்' நின்றது. பேரினம் மட்டும் டிஸ்டன்ட் வைத்ததாகவே இருக்கிறது. இன்று 'நிலபர்வதா லூஜென்ஸ்' என்று எழுதி, ஸ்டோலின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பிறகு இடம் மாறியது என்று அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம்.

ஆக, பெயர் வைப்பது சின்ன வேலை. நம் பூச்சிக்கு ஏற்கெனவே பெயர் இல்லை என்று உறுதி செய்வதும், நூறு வருஷம் கழித்து யாராவது அதே பூச்சியைப் பிடித்தால் நம் எழுத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிகிற மாதிரி விவரிப்பதும்தான் பெரிய வேலை.

முதலில் குடும்பம் தெரியட்டும்

தமிழில் 'தத்துப்பூச்சி' என்று இரண்டு கூட்டங்களையும் சேர்த்தே சொல்கிறோம். நெல்லில் வரும் பச்சைத் தத்துப்பூச்சி இலைத் தத்துப்பூச்சிக் கூட்டம்; புகையான் வேறு கூட்டம். பிரித்துப் பார்ப்பது சுலபம். முகத்தைப் பக்கவாட்டில் வைத்து, உணர்கொம்பு எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். புகையான் கூட்டத்தில் அது கண்ணுக்குக் கீழே இருக்கும். அதன் இரண்டாம் கணு உப்பி, மேலே சொரசொரவென்று புள்ளிகளோடு தெரியும். முன்சிறகு உடம்போடு சேரும் இடத்தில் சின்னச் செதில் போன்ற மூடி ஒன்றும் இருக்கும். இலைத் தத்துப்பூச்சிக்குப் பின்காலில் சீப்புப்பல் மாதிரி முள்வரிசைகள் உண்டு. புகையான் கூட்டத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முட்கள்தான்.

அடுத்து, பின்காலின் கீழ்ப்பகுதி முடியும் இடத்தில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டெல்ஃபாசிடே குடும்பம், அதாவது புகையானின் குடும்பம். 2,000 சிற்றினங்களுக்கு மேல் உள்ள பெரிய குடும்பம் இது. குதிமுள் இல்லாமல், மெலிந்த உடம்பும் உடம்பைவிட நீண்ட சிறகுகளுமாகத் தென்னை, பாக்கு ஓலைகளின் அடியில் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் டெர்பிடே. கேரளத்தில் தொடங்கிய தென்னை வேர்வாடல் நோயைப் பரப்பும் பூச்சிகளில் ஒன்றான 'ப்ரௌட்டிஸ்டா மோஸ்டா' இந்தக் குடும்பம்தான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு அந்த நோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தப் பூச்சிகளுக்குச் சரியான பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்பதற்கு அதுவே போதும். பெயர் தெரியாவிட்டால் எது நோயைச் சுமக்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பிரிக்க முடியாது.

பிடிப்பதும் சீட்டு எழுதுவதும்

வீசு வலை, விளக்குப் பொறி, மஞ்சள் தட்டு, வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் ஆஸ்பிரேட்டர் இவையே போதும். ஓலைக்கு அடியில் இருப்பவற்றுக்கு ஆஸ்பிரேட்டர்தான் நல்லது. வலை வீசினால் சிறகு கிழிந்துவிடும். காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கிய பிறகே போங்கள். தோப்பு என்றால் தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பூச்சி எந்த மரத்தில், எந்த நேரத்தில் வரும் என்று பல சமயம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஒன்றிரண்டு பிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஆண், பெண், நீளச்சிறகு, குட்டைச்சிறகு எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்தாவது வேண்டும். சிலவற்றை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள், அவை டி.என்.ஏ.வுக்கு. மற்றவற்றைக் காயவைத்து, முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் சொட்டுப் பசையால் ஒட்டி, அட்டையின் அகலப் பக்கத்தில் ஊசி குத்துங்கள். இவ்வளவு சின்னப் பூச்சியில் நேராக ஊசி ஏற்றினால் மார்பு நொறுங்கிவிடும்.

சீட்டை அன்றைக்கே எழுதுங்கள். நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, எதன்மேல் கிடைத்தது, எப்படிப் பிடித்தது, யார் பிடித்தது என எல்லாம் வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. 5-6 என்று எழுதினால் மே ஆறா ஜூன் ஐந்தா என்று பின்னால் வருபவர் திண்டாடுவார். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், ஸ்பிரிட்டில் மை கரைந்து ஓடிவிடும். குப்பிக்குள் போடும் சீட்டுக்குப் பென்சில்தான் நம்பிக்கையானது.

செடியின் பெயரை எழுதும்போது ஒரு கவனம். தென்னையில் உட்கார்ந்திருந்ததாலேயே தென்னை அதன் உணவு ஆகிவிடாது. டெர்பிடே குடும்பத்துக் குஞ்சுகள் மக்கிய மரக்கட்டைக்குள் பூஞ்சையைத் தின்று வளர்பவை. வளர்ந்த பிறகுதான் ஓலைக்கு வருகின்றன. சாறு குடித்ததைக் கண்ணால் பார்த்தால் 'குடித்தது' என்று எழுதுங்கள். பார்க்கவில்லையென்றால் 'தென்னை ஓலையின் அடியில் இருந்தது' என்று எழுதினால் போதும்.

புதியதுதானா?

இங்கேதான் மாதக்கணக்கில் நேரம் போகும். போகட்டும். புகையான் கூட்டத்துக்கென்றே 'ஃப்ளோ' என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்துவது. உங்கள் பேரினத்தில் என்னென்ன சிற்றினங்கள் உண்டு, எந்த நாட்டில், எந்தக் கட்டுரையில் விவரிக்கப்பட்டது என்று அதில் பட்டியல் எடுக்கலாம். இந்தியா, இலங்கை, பர்மா பூச்சிகளுக்கு டிஸ்டன்ட் எழுதிய பழைய தொகுதிகளைப் பார்த்தே ஆக வேண்டும். 1906, 1916 ஆண்டுகளின் தொகுதிகளில் இந்தக் கூட்டம் வருகிறது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

படித்தால் ஒரு சங்கடம் தெரியும். அந்தக் காலத்து விவரிப்புகள் பெரும்பாலும் நிறத்தையும் நீளத்தையும் மட்டும் நாலைந்து வரியில் சொல்லி நின்றுவிடும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. அப்போது மூல மாதிரியையே பார்க்க வேண்டும். பெயர் வைத்தவர் எந்தப் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினாரோ அந்தப் பூச்சி. டிஸ்டன்ட் பார்த்தவற்றில் பெரும்பாலானவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரில் போக முடியாவிட்டால் என்ன பாகத்தின் படம், எந்தக் கோணத்தில் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம், புதுதில்லியில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சித் தொகுப்பு, பெங்களூரு வேளாண் பூச்சி வளப் பணியகம் ஆகியவற்றிலும் கேளுங்கள். என் அனுபவத்தில், கேள்வி குறிப்பாக இருந்தால் உதவியும் குறிப்பாக வரும்.

இன்னொரு பக்கம், உங்கள் பூச்சியே உங்களை ஏமாற்றலாம். ஒரே சிற்றினத்தில் நீளச்சிறகும் குட்டைச்சிறகும் பிறக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு பூச்சி என்றே தோன்றும். அப்போதுதான் தோலுரித்தது வெளிறி இருக்கும், அந்த நிறத்தை நம்பக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஒன்று உண்டு. முறுக்குச்சிறகிகள் என்ற ஒட்டுண்ணிகள் இந்தப் பூச்சிகளின் வயிற்றுக்குள் வளரும். அவை புகுந்த ஆண் பூச்சியின் பிறப்புறுப்பு சரியாக வளராமல் சிறுத்து, உருமாறிப் போகும். அதைப் பார்த்து 'இப்படி ஓர் உறுப்பு எதற்குமே இல்லையே, இது புதிது' என்று நினைத்துவிட்டால் அவ்வளவுதான். வயிற்று வளையங்களுக்கு நடுவே பழுப்பாக ஏதாவது முண்டு துருத்திக்கொண்டிருந்தால் அந்தப் பூச்சியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆண் உறுப்பைப் பிரித்துப் பார்ப்பது

வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருக்கும் பூச்சிகளையும் ஆண் பிறப்புறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மூல மாதிரியாகப் பெரும்பாலும் ஆணைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

காய்ந்த பூச்சியாக இருந்தால் முதலில் ஈரப்பதம் உள்ள மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்து இளக்குங்கள். கூர்மையான இடுக்கியால் வயிற்றை மட்டும் அடியிலிருந்து மெல்லக் கழற்றி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுங்கள். சூடான நீரில் அந்தக் குப்பியை நிறுத்தினால் சில நிமிஷங்களில் சதை கரையத் தொடங்கும். சூடாக்காமல் விட்டால் ராத்திரி முழுக்க ஆகலாம். சூடாக்கும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஒருமுறை, என்னிடம் இருந்த ஒரே ஆணின் வயிற்றைக் கரைசலில் போட்டுவிட்டு ஒரு போன் பேசப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் கண்ணாடியாக வெளுத்து, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்தப் பூச்சியை விவரிக்க மறு வருஷம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சதை கரைந்ததும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, குழிவுள்ள கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுக் கிளிசரினுக்கு மாற்றுங்கள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் தேன்நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம் தெரியும். அது பைகோஃபர் என்ற கடைசி வளையம். அதன் வாயிலிருந்து இடுக்கி போல இரண்டு கைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுவே குழாயாக நிற்பது ஈடீகஸ், அதாவது ஆணுறுப்பு. அதன் நுனியில் முட்கள் எத்தனை, எந்தப் பக்கம் வளைகின்றன, வலது இடது ஒன்றுபோல் இருக்கிறதா என்பதில்தான் சிற்றினத்தின் அடையாளமே இருக்கிறது. கிளிசரினில் ஊசிமுனையால் மெல்லப் புரட்டி, பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து, பின்னாலிருந்து எனப் பார்த்துப் பார்த்து வரையுங்கள். கோணம் கொஞ்சம் சரிந்தால்கூட முள்ளின் நீளம் மாறித் தெரியும். அதனால் ஒரே ஒரு பூச்சியில் பார்த்ததை நம்பாமல் மூன்று நான்கு ஆண்களில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த உறுப்பை ஒரு நுண்குப்பியில் கிளிசரினோடு போட்டு, அதே பூச்சியின் ஊசியிலேயே குத்தி வையுங்கள். தனியாக வைத்தால் என்றாவது எது எதனுடையது என்று தெரியாமல் போய்விடும்.

டி.என்.ஏ. எடுக்க வசதி இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. கரைசலுக்குப் பதிலாக வயிற்றை புரோட்டினேஸ் நொதியில் ஓர் இரவு ஊறவைத்தால், சதை கரைந்து டி.என்.ஏ. திரவத்துக்கு வந்துவிடும், மிஞ்சும் ஓட்டில் உறுப்பையும் பார்த்துக்கொள்ளலாம். பூச்சி வீணாகாது. சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்துகள்தான் சிற்றினத்தை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் 'பார்கோடு'. பிடித்த பெண்ணும் குஞ்சும் எந்த ஆணின் சிற்றினத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்துகொள்ள இது ரொம்ப உதவும். ஆனால் அந்த எழுத்துகள் மாறுபடுகின்றன என்பதை மட்டும் வைத்துப் புதுச் சிற்றினம் என்று அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உடலமைப்பும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். மறுபக்கமும் உண்டு, உடலமைப்பு மட்டும் சில சமயம் போதாது. பிலிப்பைன்ஸில் நெல்லில் வாழும் புகையானும் பக்கத்துப் புல்லில் வாழும் புகையானும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. தண்டின் வழியே ஆணும் பெண்ணும் அனுப்பிக்கொள்ளும் அதிர்வுகளைப் பதிவு செய்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

எழுதுவது

விவரிப்பை லத்தீனில் எழுத வேண்டியதில்லை, ஆங்கிலமே நடைமுறை. ஒழுங்கு இப்படி வரும்: முதலில் ஒரே பத்தியில், நெருங்கிய சிற்றினங்களிலிருந்து இது எதில் மாறுபடுகிறது என்ற சுருக்கம். பிறகு நிறம், அளவு, தலை, மார்பு, சிறகு, கால், ஆண் உறுப்பு, பெண் உறுப்பு. கடைசியில் மாதிரிகளின் பட்டியல், கிடைத்த இடம், பெயர்க்காரணம்.

சுருக்கத்தில்தான் உங்கள் உழைப்பு தெரியும். 'உச்சந்தலை நீளமானது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை, எதைவிட நீளம்? 'உச்சந்தலையின் நடுக்கோட்டு நீளம் அதன் அடி அகலத்தைப்போல 1.4 மடங்கு' என்று எழுதினால் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பவரும் தன் பூச்சியை அளந்து பார்க்கலாம். (எண்ணை உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) அளவுகளை எத்தனை பூச்சிகளில் எடுத்தீர்கள் என்றும், சின்னது எது, பெரியது எது என்றும் சேர்த்துக் கொடுங்கள். முகத்தில் வரப்புகள் போல ஓடும் மேட்டுக்கோடுகள் எங்கே பிரிகின்றன, பின்கால் முட்கள் எத்தனை, குதிமுள்ளின் ஓரத்தில் பற்கள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். புகையானின் பேரினத்தையே பின்பாதத்தின் முதல் கணுவில் உள்ள சின்னஞ்சிறு முட்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். அவ்வளவு சிறிய விஷயம் அவ்வளவு பெரிய வேலை செய்கிறது.

படங்களுக்கு, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து, மென்பொருளில் அடுக்கி ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் கோடு வேண்டும். உறுப்புக்கு மட்டும் புகைப்படத்தோடு கோட்டுப் படமும் போடுங்கள். கிளிசரினில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிபவற்றை வரைபடம்தான் பிரித்துக் காட்டும்.

பெயர்

விலங்கியல் பெயரிடலுக்குச் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று உண்டு. நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் எந்த மொழிச் சொல்லாகவும் இருக்கலாம்; தமிழ்ச் சொல்லும் செல்லும். பெயர்ச்சொல்லாக வைக்கிறீர்கள் என்று கட்டுரையிலேயே குறிப்பிட்டுவிட்டால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப விகுதி மாற்ற வேண்டியதில்லை. லத்தீன் பெயரடையாக வைத்தால் மாற்றியே ஆக வேண்டும். ஒருவரைக் கௌரவித்து வைப்பதானால் ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ' என்று முடியும். விதி தடுக்காவிட்டாலும் தன் பெயரையே வைத்துக்கொள்வது மரபில்லை. எனக்குப் பிடித்தது ஊரை வைத்தோ, உடலின் ஒரு தெளிவான அடையாளத்தை வைத்தோ பெயரிடுவது. ஈடீகஸில் மூன்று முட்கள் இருந்தால் அதைச் சொல்லும் பெயர், படிப்பவருக்கு முதல் துப்பாகவும் ஆகிவிடும்.

பெயரைக் கட்டுரை வெளிவரும்வரை வெளியே விடாதீர்கள். முகநூலிலோ கருத்தரங்குச் சுருக்கத்திலோ ஆய்வேட்டிலோ முன்கூட்டியே வந்துவிட்டால், விதிப்படி செல்லாத பெயராக அங்கங்கே சுற்றிப் பின்னால் குழப்பம் செய்யும்.

மாதிரியை ஒப்படைப்பதும் வெளியிடுவதும்

ஒரே ஒரு பூச்சியை 'ஹோலோடைப்', அதாவது மூல மாதிரி என்று கட்டுரையில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அது எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். இரண்டில் எது விட்டுப்போனாலும் பெயர் செல்லாது. அதற்குச் சிவப்புச் சீட்டு குத்துவது வழக்கம். கூடப் பிடித்த மற்றவை பாராடைப். அவற்றை இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், ஓரிடத்தில் தீயோ பூச்சி அரிப்போ வந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும்.

இந்தியாவில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புதிதாகக் கண்டுபிடித்த சிற்றினத்தை அரசு குறிப்பிட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒரு களஞ்சியம். ஹோலோடைப்பை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளும் எண்ணம் துளியும் வேண்டாம்.

ஜூடாக்ஸா, ஜூகீஸ் போன்ற இதழ்கள் இதற்கென்றே உள்ளன. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸாவும் உண்டு. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். மறுஆய்வு செய்யாமல் வெளிவரும் பெயரைச் சரி செய்யப் பிறகு இன்னொருவர் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். மின்வடிவில் மட்டும் வரும் இதழானால், வெளியாகும் முன் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து அந்தப் பதிவுக்கான சான்றும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012 முதல் இது கட்டாயம்.

மறுஆய்வாளர்கள் 'இன்ன சிற்றினத்தோடு ஒப்பிட்டீர்களா' என்று கேட்பார்கள். ஒப்பிடவில்லையென்றால் ஒப்பிடுங்கள். அதில் உங்கள் பூச்சி பழையதாகிப் போனால், அந்தப் பழைய சிற்றினத்தைப் புதுப் படங்களோடு மறுவிவரிப்பாக எழுதி அனுப்புங்கள். நாலு வரி விவரிப்போடு கிடக்கும் எத்தனையோ பூச்சிகளுக்கு அதுவும் தேவையாகவே இருக்கிறது.

கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியைத் தோப்புக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே தமிழில் ஒரு பக்கம் எழுதி, பூச்சியின் படத்தையும் பெரிதாக அச்சிட்டுக் கொடுங்கள். குஞ்சு இன்னும் கிடைத்திருக்காது. எந்த மூலையில் மக்கிய கட்டை கிடக்கிறது என்று அவரிடமே கேட்டுக்கொண்டு வரலாம்.